வெள்ளம் வடிந்த பிறகு: கடவுள் உங்களைத் தாங்கிய அனுபவம் உண்டா?

ஏரல்காரி:

தூத்துக்குடி மாவட்டத்தில் 2023 டிசம்பரில் வந்த வெள்ளம் என்றாலே தண்ணீர் எவ்வளவு வந்தது என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணி ஊருக்குள் வந்தது, எல்லாம் பேப்பரில் படித்தாயிற்று. நான் சொல்ல வந்தது தண்ணீர் வடிந்த பிறகு நடந்தது. எங்களுக்கு ஏரல் பஜாரில் ஒரு சின்னத் துணிக்கடை. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எந்தத் துணிக்கடையில் சரக்கு குறைவாக இருக்கும்? அதிலும் பாதி கடனுக்கு எடுத்தது. வெள்ளம் இறங்கியபோது கடைக்குள் முழங்கால் அளவு சேறு, பட்டுச்சேலை எது, பாவாடைத் துணி எது என்றே தெரியவில்லை.

வீட்டுக்காரர் சேற்றை வாரப் போனார். நான் மாடியில் படுத்துவிட்டேன், அழுகைகூட வரவில்லை. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, ஒருவிதத்தில் அது நல்லதுதான், இல்லாவிட்டால் ஆளுக்கொரு பைபிள் வசனம் அனுப்பியிருப்பார்கள் (சிக்னல் வந்ததும் அனுப்பவும் செய்தார்கள்). ஜெபம் பண்ண உட்கார்ந்தால் "போதும் ஆண்டவரே" என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை.

என் மாமியார் மட்டும் ராத்திரி குடும்ப ஜெபத்தை விடவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். சண்டே ஸ்கூலில் கேட்ட கதைதான். கர்மேல் மலையில் அக்கினியை இறங்கப் பண்ணிய அதே எலியா தீர்க்கதரிசி, தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறான், அதற்கும் ஏச்சு இல்லை! இரண்டாம் தடவை எழுப்பும்போதுதான் "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற பேச்சே வருகிறது. எத்தனையோ வருஷமாகக் கேட்ட அதிகாரம், அந்த இரண்டாவது தூக்கம் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. நானும் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் எங்கள் சபைக் கோயில் பக்கத்தில் ஐயரம்மாவும் (போதகரின் மனைவி) இன்னும் சில பெண்களும் அண்டாவில் சாம்பார் சாதம் கிண்டிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் வீடுகளிலும் சேறுதான். ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, முதல்ல சாப்பிடு, அப்புறம் அந்த வெங்காயத்த உரி" என்றார்கள். அவ்வளவுதான் ஆறுதல். சாப்பிட்டேன், உரித்தேன், சாயங்காலம் கடைக்குப் போய் நானும் மண்வெட்டியைப் பிடித்தேன். எனக்குப் பெலன் வந்தது இப்படித்தான், ஒளி தெரிந்தது, சத்தம் கேட்டது என்றெல்லாம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்த வருஷம் கிறிஸ்மஸ் விடியற்காலை ஆராதனைக்கு, துணிக்கடைக்காரி வீட்டில் ஒருத்தருக்கும் புதுத்துணி கிடையாது. அரசாங்கம் கொடுத்த 6,000 ரூபாயில் ஒரு பங்கை எடுத்து நனைந்துபோன தையல் மெஷினைச் சரிபண்ணினேன். கடன் இன்னும் அடைந்தபாடில்லை, ஆனால் கடை திறந்திருக்கிறது.

செந்தூர் வண்டியில் வந்தவன்:

அக்கா, நான் அன்றைக்கு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் எக்ஸ்பிரஸில் இருந்தேன். தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லி எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது, சுற்றிலும் வெள்ளம், சுமார் 800 பேர். முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்ததற்கு இதுதானா பலன் என்று எனக்கு ஒரே ஆத்திரம். கூட வந்த என் அம்மாவுக்குச் சர்க்கரை வேறு, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவார். ஹெலிகாப்டர் பொட்டலம் போட்டதைத்தான் டிவியில் காட்டினார்கள். அதற்கு முன்பே பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். அவர்களுக்கும் அன்றைக்குக் கடை கண்ணி கிடையாது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "முருகா" என்றார், பிளாட்பாரத்தில் நின்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதிலிருந்து வருஷா வருஷம் செந்தூர் போகிறோம், போகும்போது ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றால் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவார்.

ஆத்தங்கரை:

நல்லது. எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடு கட்டின கயிற்றோடு செத்துக் கிடந்தது. சோறு அனுப்பினது சாமி என்றால் வெள்ளத்தை அனுப்பினது யார்? சண்டைக்குக் கேட்கவில்லை, இன்னும் எனக்கு விளக்கேற்றி நிற்க மனசு வரவில்லை.

ஏரல்காரி:

அண்ணே, அதற்கு என்னிடம் பதில் இல்லை, தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய். எலியாவும் ஓரேப் மலைக்குப் போன பிறகு அதே புலம்பலை வார்த்தை மாறாமல் இரண்டு தடவை சொல்கிறான், கடவுள் இரண்டு தடவையும் கேட்டுக்கொண்டார். மனசு வராவிட்டால் வராமலே இருக்கட்டும், கேள்வியை விடாதீர்கள். மாட்டுக்கு நிவாரணம் வந்ததா? வரவில்லை என்றால் எந்த ஊர் என்று தனியாக எழுதுங்கள், வீட்டுக்காரர் மனு எழுதிப் பழக்கப்பட்டவர், கூட வருவார்.