பாலிஷ் செய்த கருப்புக் கார் படத்தில் சாம்பலாகத் தெரிவது ஏன்?

கேள்வி:
என்னுடைய ஐந்து வயதுக் கருப்பு செடான் காருக்குக் கீறல் நீக்கும் பாலிஷும் அதன் மேல் செராமிக் கோட்டிங்கும் சென்ற வாரம் போட்டு வாங்கினேன். நேரில் பார்த்தால் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். அண்மையில் வாங்கிய கேனான் ஆர்50 கேமராவையும், அதனுடன் வந்த 18-45 லென்ஸையும் எடுத்துக்கொண்டு, ஞாயிறு காலை 11 மணிக்கு எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் படமெடுத்தேன். வண்டி சாக்பீஸ் தூள் படிந்த கரும்பலகை போல் வெளுத்திருக்கிறது. கதவில் மாடித் துணிக்கொடியும் என் மஞ்சள் சட்டையும் தெளிவாகத் தெரிகின்றன. பானட் மட்டும் உப்பிக்கொண்டு நிற்கிறது. பிழை கேமராவிலா, என்னிடமா?

பதில் 1:
கேமராவில் குறையில்லை. நன்றாகப் பாலிஷ் செய்த கருப்பு வண்டி ஏறக்குறைய ஒரு கண்ணாடி என்பதால், அதன் எதிரே எது நிற்கிறதோ அதுவே படத்தில் விழும். ஆகவே முதலில் இடத்தைத் தேடுங்கள்: எதிர்ப்புறம் மரமோ கம்பமோ இல்லாமல் வானம் மட்டுமே தெரியும் வெற்று மைதானம் மிகவும் நல்லது. சூரியன் மறைந்த பிறகு வரும் 15, 20 நிமிடங்களில் வானம் முழுவதும் ஒரே சீரான விளக்காகிவிடும். அப்போது கதவின் மடிப்பு நெடுக ஒரு வெள்ளிக்கோடு ஓடுவதைப் பார்ப்பீர்கள். நம் ஊரில் அந்த வெளிச்சம் சட்டென்று போய்விடும், எனவே ட்ரைபாடை முன்னதாகவே நிறுத்தி வையுங்கள். பானட் உப்புவதற்குக் காரணம், லென்ஸை அகன்ற காட்சி தரும் 18 மி.மீ. முனையில் வைத்துக்கொண்டு அருகில் நின்றதுதான். பத்து அடி பின்வாங்கி, லென்ஸை 45-க்குத் திருப்பி, ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து எடுத்துப் பாருங்கள். சட்டையும் கருப்பாக இருக்கட்டும்.

பதில் 2:
சாம்பல் நிறத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. கேமரா தன் முன் இருப்பதை நடுத்தரச் சாம்பல் என்று கொண்டே வெளிச்சத்தை அளக்கும். படம் நிறையக் கருப்பே இருந்தால், இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கேமரா கணிக்கும் வெளிச்சத்தை நாமே கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7 அல்லது -1-இல் வைத்தால் கருப்பு கருப்பாகவே வரும். வெள்ளை வண்டிக்கு இதற்கு நேர்மாறாகக் கூட்ட வேண்டும். ஃபோகஸிலும் கவனம் தேவை. வழவழப்பான கதவில் பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காததால், என் கேமரா ஒருமுறை கதவில் தெரிந்த வேப்பமரத்தின் பிம்பத்தில் ஃபோகஸ் செய்துவிட்டது. இலைகள் கூர்மையாகவும் வண்டி மங்கலாகவும் வந்தன. இலச்சினை மீதோ கதவு விளிம்பின் மீதோ ஃபோகஸ் புள்ளியை வைத்து, அபெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப்/8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ரா கோப்பு (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப்படம்) என்று எடுங்கள்.

முடிந்தால் லென்ஸின் முன்னால் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் 49 மி.மீ. போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். கதவுக்கு நேர் எதிரே நின்றால் அது பெரிதாக உதவாது. பக்கவாட்டில் சாய்வாக நின்று மெல்லச் சுழற்றினால் பிரதிபலிப்பு கரைவது திரையிலேயே தெரியும். முழுவதும் கரைத்துவிடாதீர்கள், பாலிஷுக்குக் கொடுத்த காசும் அதோடு கரைந்துவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று மாலை புறவழிச்சாலையை ஒட்டிய காலி மனையில், நண்பரிடம் இரவல் வாங்கிய போலரைசருடன் எடுத்தேன். நீங்கள் சொன்ன வெள்ளிக்கோடு முன் சக்கரத்தில் தொடங்கிப் பின்விளக்கு வரை அறுபடாமல் வந்திருக்கிறது. ஆனால் பின்பக்கக் கண்ணாடியில் மட்டும் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுகள் தெரிகின்றன. கோட்டிங் கசிந்திருக்குமோ?

பதில் 2:
இல்லை. பின்கண்ணாடி சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கப்பட்டது; அதனுள் உறைந்திருக்கும் இறுக்கத்தைத்தான் போலரைசர் நிறத் திட்டுகளாகக் காட்டுகிறது. முன்கண்ணாடி இரு தகடுகளை ஒட்டிச் செய்யப்படுவதால் அதில் இது அவ்வளவாகத் தெரியாது. ஃபில்டரைச் சற்றுத் திருப்புங்கள். அப்படியும் போகவில்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.