அரசு அலுவலக நுழைவு விதிகள் குறித்து விவரம் தேவை

வணக்கம். கல்குளம் வட்டத்திலுள்ள ஓர் அரசு அலுவலகத்துக்குத் தாயாரின் பட்டா மாறுதல் தொடர்பாகக் கடந்த வாரம் சென்றபோது, வாசலில் இருந்த காவலாளி என் ஆதார் அட்டையை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு, கைப்பேசியையும் ஒப்படைத்தால்தான் உள்ளே விட முடியும் என்றார். பையைச் சோதிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பத்திரத்தின் நகலே கைப்பேசியில்தான் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த தாளில் ‘பார்வையாளர் நேரம் 3 முதல் 5 வரை’ என்று பேனாவால் எழுதியிருந்ததே தவிர, அரசாணை எண்ணோ கையொப்பமோ இல்லை.

தகவல் பெறப் பொதுமக்களுக்கு உள்ள வசதிகளின் விவரங்களை, யாரும் கேட்காமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டுமென்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அட்டையைப் பிடித்துவைக்க எந்த ஆணை இடமளிக்கிறது என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் மனு அனுப்புவதா, நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதா என்றும் சொல்லுங்கள்.