போதை மீட்பு வார்டில் பிஜி (முதுநிலை மாணவர்) போஸ்டிங்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு கேஸ்

முதலாமாண்டு எம்.டி. சைக்கியாட்ரி (மனநல மருத்துவம்):

எலும்பு வார்டிலிருந்து வந்த அழைப்பு. பரோட்டா மாஸ்டர், தொடை எலும்பு முறிவு, ஆபரேஷன் முடிந்து மூன்றாம் ராத்திரி. போர்வையை இழுத்து, விசிறி, சுருட்டி, கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து பெட்காரரைப் பார்த்து "சால்னா எங்கடா?" என்று அதட்டல். வேர்வை ஊற்றுகிறது, நாடித்துடிப்பு 130. ஏற்கெனவே ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து 5 மி.கி. ஊசி போட்டிருந்தார்கள். கேஸ் ஷீட்டில் ஒரே வரி: எப்போதாவது குடிப்பார்.

மனைவி சொன்னது: "தினம் ஒரு குவார்ட்டர்தாங்க, அதுக்கு மேல போகமாட்டார்."

அந்த "தாங்க"தான் மனசை விட்டுப் போகவில்லை. 180 மி.லி., 42.8 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 77 மி.லி. அடர்த்தி 0.789-ஆல் பெருக்கினால் 60 கிராம் சொச்சம். ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் 10 கிராம் என்ற நம் கணக்கில் அது ஆறு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்றே நான்கு. "பீர் மட்டும்தான் சார், மூணு பாட்டில்" என்பவர் இரண்டு குவார்ட்டர் குடித்தவருக்குச் சமம்.

"குடிப்பீங்களா?" என்று கேட்டு நிறுத்தினால் ஒன்றும் வராது. காலையில் கை நடுங்குமா, நடுக்கம் நிற்க எவ்வளவு ஊத்தணும், கடைசியாக எத்தனை மணிக்கு உள்ளே போனது என்று கேட்க வேண்டும். கடைசிக் குடியிலிருந்து எண்ணினால், நடுக்கம் 6 முதல் 8 மணி நேரத்தில் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் 48 மணிக்குள். டெலிரியம், அதாவது குடி நின்றதும் வரும் கடும் மனக்குழப்பம், 48-லிருந்து 96-க்குள். விபத்து நடந்த நேரத்திலிருந்து கூட்டிப் பார்த்தால் அந்த மூன்றாம் ராத்திரி யாரும் எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான்.

உங்களுக்கு அப்படி மனசில் நிற்கிற கேஸ் எது?

---

டிஎம் அடிக்‌ஷன் ரெசிடென்ட்:

தம்பி, நாடித்துடிப்பு எழுதினீர்கள், கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. எனக்கு நிற்கிற கேஸில் எல்லாமே கண்தான். ஆள் அமைதி, கத்தல் இல்லை, நடுக்கமும் குறைவு. "தூக்கக் கலக்கம்" என்று விட்டிருந்தார்கள். விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கருவிழி துள்ளுகிறது. கையில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) பாட்டில், பாதி ஓடிவிட்டது. தயமின் (வைட்டமின் பி1) போட்டதாக எங்கேயும் குறிப்பு இல்லை.

வெர்னிக்கி (தயமின் குறைவால் வரும் மூளைக் கோளாறு) என்றால் குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு மூன்றும் சேர்ந்து வரும் என்று வைவாவில் ஒப்பிக்கிறோம். பிரேதப் பரிசோதனையில் உறுதியான கேஸ்களைத் திரும்பிப் பார்த்த ஹார்ப்பரின் 1986 ஆய்வில் மூன்றும் இருந்தது 16 சதவீதத்தில்தான். அதனால் கெய்ன் அளவுகோலைப் பழகுங்கள்: உணவுக் குறைபாடு, கண் அசைவு, தள்ளாட்டம், குழப்பம் அல்லது மறதி. நான்கில் இரண்டு இருந்தால் போதும், சிகிச்சை தொடங்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் தயமின் 500 மி.கி., 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள், நாளுக்கு மூன்று வேளை, இரண்டு மூன்று நாள். பிறகு 250 மி.கி. ஒரு வேளையாக இன்னும் சில நாள். மாத்திரை நம்பிக்கைக்கு உரியதல்ல, குடித்துக் கெட்ட குடல் உறிஞ்சுவது கொஞ்சம்தான். பி-காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டாச்சு என்று யாராவது சொன்னால் ஆம்பியூலைத் திருப்பி தயமின் எத்தனை மி.கி. என்று படியுங்கள். போட்டும் கண் சரியாகவில்லை என்றால் மெக்னீசியம் பாருங்கள். அது குறைவாக இருந்தால் தயமின் உள்ளே போயும் வேலை செய்யாது.

தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலை மோசமாகலாம். அதற்காகத் தயமின் வரும்வரை குளுக்கோஸே கூடாது என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். சர்க்கரை 40-க்குக் கீழே கிடப்பவருக்கு இரண்டையும் ஒன்றாகப் போடுங்கள், காத்திருக்கக் கூடாது.

ஹாலோபெரிடால் தனியாகப் போட்டது எனக்கு உடன்பாடில்லை. வலிப்பு எளிதில் வர வழி செய்யும், டெலிரியத்தின் வேரையும் தொடாது. முதலில் பென்சோ, அதாவது டயஸெபம் வகை அமைதி மருந்து. டயஸெபம் 20 மி.கி. வாய்வழி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, குடி நின்றதும் வரும் விலகல் அறிகுறிகளை அளக்கும் சிவா-ஏஆர் ஸ்கோர் 8-க்குக் கீழே வரும்வரை. ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் ஆள் எழுப்பினால் எழுகிறாரா, மூச்சு எப்படி என்று பாருங்கள். வாயில் எடுக்க முடியாத அளவு கலவரம் என்றால் ரத்தக்குழாயில். தசையில் டயஸெபம் வேண்டாம், உறிஞ்சுவது தாறுமாறு.

---

எம்.எஸ்சி. மனநல செவிலியர்:

டாக்டர், "ஸ்கோர் 8-க்குக் கீழே" என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். அந்த ஸ்கோரை ராத்திரி இரண்டு மணிக்குப் போடுவது நாங்கள்.

சிவா-ஏஆரில் பத்து அம்சங்கள், மொத்தம் 67. ஒன்பதுக்குத் தலா 7, தேதி, இட உணர்வுக்கு மட்டும் 4. பாதிக்கு மேல் நோயாளி வாய்விட்டுச் சொன்னால்தான் எண் கிடைக்கும். ஆங்கிலக் கேள்வியை அப்படியே தமிழாக்கி "தோலில் ஏதேனும் உணர்கிறீர்களா?" என்றால் எல்லாரும் இல்லை என்பார்கள். "எறும்பு ஊருதா? ஊசி குத்துதா? எரியுதா?" என்றால் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். நடுக்கத்துக்குக் கையை நீட்டி விரலை விரிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் விரல் நுனியோடு விரல் நுனி வைத்தால் தெரியும், அதற்கும் 1 மதிப்பெண் உண்டு.

எனக்கு நிற்கிற ஆள் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னவர். ஸ்கோர் 9. கையில் வெற்றுத்தாளைக் கொடுத்து "இதுல என்ன எழுதியிருக்கு, படிங்கண்ணே" என்றதும், நகை ஏல நோட்டீஸ் வாசிக்க ஆரம்பித்தார். பவுன் எத்தனை, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், வரி வரியாக. தாளில் ஒரு புள்ளி கூட இல்லை. வாசித்து முடித்து என்னைப் பார்த்து "எப்படியாவது மீட்டுரணும் சிஸ்டர்" என்றார்.

அந்தச் சோதனை பழைய பாடப்புத்தகத்தில் இருப்பது, பத்து விநாடி வேலை. ஸ்கோர் நடுத்தரமாக இருந்து மனசுக்கு ஒட்டவில்லை என்றால் செய்து பாருங்கள். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தப் பத்து அம்சங்களில் கிடையாது. தனியாக எழுதுங்கள். காய்ச்சலால் வேர்ப்பவருக்கும் சுவாசம் திணறிப் படபடப்பவருக்கும் ஸ்கோர் பொய்யாக ஏறும். நிமோனியாவுக்கு டயஸெபம் ஏற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

---

எம்.ஃபில். மனநல சமூகப்பணி, இரண்டாமாண்டு:

ஓபியில் ஒரு அம்மா கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே காகிதப் பொட்டலங்கள், வெள்ளைத் தூள். "ரசத்துல கலந்து குடுத்தேன்மா. அவருக்குத் தெரியாமலே நிறுத்திரலாம்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க." கணவர் வெளியே ஸ்ட்ரெச்சரில். குடித்த கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, பிரஷர் இறங்கிவிட்டது. பொட்டலத்தில் என்ன இருந்தது என்று பெயர் கிடையாது. ஆனால் வந்த விதம் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) விதம்.

அந்த மருந்து, மதுவிலிருந்து உடலில் உண்டாகும் அசிட்டால்டிஹைடை உடைக்கும் நொதியை அடைக்கிறது. குடித்தால் 10 முதல் 30 நிமிடத்தில் ஆளைத் தள்ளும். இது வேலை செய்வதே "குடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்" என்ற அறிவால்தான். தெரியாதவருக்குக் கொடுத்தால் மருந்தாக இருக்காது, விஷம். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம்.

முறையாகக் கொடுக்கும்போது: கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், நாங்கள் பார்த்த இடங்களில் அதற்கும் மேல். ஈசிஜி, ஈரல் பரிசோதனை, கையெழுத்திட்ட சம்மதம். 250 மி.கி. தினமும், வீட்டில் ஒருவர் கண்முன்னால், நோயாளியின் விருப்பத்தோடு. நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை ரியாக்‌ஷன் வரும். ஒளிந்திருக்கும் ஆல்கஹாலையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்: இருமல் சிரப், மவுத்வாஷ், ஷேவிங் லோஷன். நம் ஊரில் முக்கியமாக அரிஷ்டம், ஆசவம். அவை புளிக்கவைத்துச் செய்வதால் 12 சதவீதம் வரை தானே உருவான ஆல்கஹால் இருக்கும். வயிற்றுக்கு நல்லது என்று மாமியார் கொடுக்கும் ஒரு மூடி போதும். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும் கூடாது, இரண்டும் சேர்ந்தால் மனநிலை பிறழலாம்.

அந்த அம்மாவைக் குடும்பமே திட்டியது. அது தப்பு. முறையான வழி இதுதான் என்று அவருக்கு யாரும் அதுவரை சொல்லவே இல்லை.

---

மூத்த மருத்துவர், ஆசிரியர்:

கடைசி வரியை வழிமொழிகிறேன். அதே குடும்பம் அடுத்து வந்து கேட்பது "ஆறு மாசம் உள்ளே வச்சுக்கங்க சார்" என்றுதான். பிஜிக்கள் இங்கே சட்டம் தெரியாமல் திணறுகிறார்கள், அதனால் யாரும் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, மது, போதைப்பொருளால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே மீட்பு மையத்துக்கும் பதிவு வேண்டும். தானாக வருபவர் பிரிவு 86. தானே முடிவெடுக்க முடியாமல் மிகுந்த துணை தேவைப்படுபவருக்கு, அதுவும் தனக்கோ பிறருக்கோ ஆபத்து அல்லது தன்னையே பார்த்துக்கொள்ள முடியாத நிலை இருந்தால், பிரிவு 89. நியமனப் பிரதிநிதி (நோயாளி சார்பில் செயல்படுபவர்) விண்ணப்பிக்க வேண்டும், இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். 30 நாள் வரைதான். மறுஆய்வு வாரியத்துக்கு ஆண் என்றால் 7 நாளுக்குள், பெண்ணோ மைனரோ என்றால் 3 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். டெலிரியம் தெளிந்து முடிவெடுக்கும் திறன் திரும்பியதும் அந்த ஆள் 86-க்கு மாறுகிறார், போகிறேன் என்றால் போகலாம். "குடும்பம் கையெழுத்துப் போட்டாச்சு" என்பது சட்டத்தில் எங்கும் இல்லை.

---

எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி:

எல்லாரும் மருந்து, சட்டம் என்று எழுதுகிறீர்கள். ஆள் ஏன் திரும்பி வருவார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சூப்பர்விஷனுக்கு வந்த ஒரு ஒலிப்பதிவு. நோயாளி பெயின்டர். "என் பொண்ணு தினமும் சட்டைப் பையை மோந்து பாக்குறா" என்றார். பயிற்சி மாணவர் "அதனால நீங்க நிறுத்தணும்ல?" என்று பாயவில்லை. "அது உங்களைக் குத்துது" என்று மட்டும் சொன்னார். நீண்ட மௌனம். பிறகு அவராகவே "பாஞ்சாம் தேதி மருந்தைப் போட்டுப் பாக்குறேன்" என்றார்.

மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் (மாறும் விருப்பத்தை நோயாளியிடமிருந்தே வரவழைக்கும் பேச்சு முறை) பயிலரங்கம் முடித்த சான்றிதழ் போதாது. ஒலிப்பதிவில் 20 நிமிடத் துண்டை எடுத்து, அந்தப் பேச்சின் தரத்தை அளக்கும் மிட்டி முறையில் எண்ணுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பு ("அது உங்களைக் குத்துது" மாதிரி, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது) என்றால் அடிப்படைத் தேர்ச்சி, இரண்டு என்றால் நல்லது. பிரதிபலிப்பில் பாதியாவது நோயாளி சொல்லாமல் விட்டதைத் தொட வேண்டும். பெரும்பாலான பிஜி பதிவுகளில் கேள்விதான் மலை மாதிரி இருக்கும், அதுவும் "ஏன் குடிக்கிறீங்க?" வகை. ஏன் என்றால் அவர் காரணங்களை அடுக்குவார், ஒவ்வொன்றும் குடிப்பதற்கு ஆதரவாக.

---

மூன்றாமாண்டு எம்.டி.:

மது மட்டும் பேசினால் பாதிதான். கல்லூரிப் பையன், முழங்கையில் சீழ்க்கட்டி. அப்பா லேப் சீட்டை உயர்த்திப் பிடித்து "பாருங்க, நெகட்டிவ்! என் பையன் தொடலை" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவன் போட்டது டேபென்டடால், ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை. மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து ஊசியில். சிறுநீரைச் சோதிக்கும் சாதாரண ஓபியேட் கிட் மார்ஃபின், கோடீன் குடும்பத்தைத்தான் பிடிக்கும், செயற்கை ஓபியாய்டுகளைப் பிடிக்காது. மாத்திரையின் டால்க், நிரப்புப் பொருள்கள்தான் ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியாக்குகின்றன. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பெற்றோரிடம் சொல்லும் முன் கிட்டில் எந்தெந்த மருந்து என்று படியுங்கள்.

ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான மருந்தான புப்ரெனார்ஃபினைத் தொடங்க அவசரப்படக் கூடாது. குறுகிய நேர ஓபியாய்டு என்றால் கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது 12 மணி. ஓபியாய்டு விலகலை அளக்கும் கவ்ஸ் ஸ்கோரில் கண்மணி விரிவு, மயிர்க்கூச்சம், கொட்டாவி எல்லாம் சேர்ந்து 12 தாண்டிய பிறகு 2 மி.கி. நாக்குக்கு அடியில். முந்திக் கொடுத்தால் ஏற்பியில் இருக்கிற மருந்தைத் தள்ளிவிட்டு இது உட்காரும், விலகல் அறிகுறிகள் ஒரே அடியில் வரும், பையன் மறுநாள் வரமாட்டான். கரையும்வரை விழுங்கக் கூடாது, தண்ணீர் கூடாது, பேசவும் வேண்டாம். போலீஸ் பயத்தில் வராதவர்களிடம் என்டிபிஎஸ் (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்தின் 64ஏ பிரிவு பற்றிச் சொல்லுங்கள். தானாகச் சிகிச்சைக்கு வரும் பயனாளிக்கு, சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து அது பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

---

மூத்த மருத்துவர், ஆசிரியர்:

தீசிஸ் தலைப்பு தேடும் முதலாமாண்டுகளுக்கு இன்னொன்று. "மது அடிமைகளில் மனச்சோர்வு" என்று எடுத்து, அட்மிஷன் அன்றே மனச்சோர்வை அளக்கும் ஸ்கேலை நீட்டாதீர்கள். விலகல் நேரத்தில் தூக்கமின்மை, பசியின்மை, பதற்றம் எல்லாமே ஸ்கோரில் ஏறும், முக்கால்வாசிப் பேருக்கு மனச்சோர்வு என்று வரும். குடிக்காமல் சுமார் நான்கு வாரம் ஆன பிறகு அளந்தால்தான் எது தனி நோய், எது குடியால் வந்தது என்று பிரியும். அந்த நான்கு வாரத்தில் பலர் திரும்ப வராமல் போவார்கள், அதையும் கணக்கில் வைத்து மாதிரி அளவைக் கூட்டுங்கள். குடித்த அளவுக்குக் காலண்டரைக் கையில் கொடுத்து, சம்பள நாள், திருவிழா, கல்யாணம் என்று குறித்துப் பின்னோக்கிக் கேளுங்கள். போதையிலோ டெலிரியத்திலோ வாங்கிய சம்மதம் சம்மதமல்ல, எதிக்ஸ் கமிட்டி முதலில் கேட்பது அதைத்தான்.

---

எம்.எஸ்சி. மனநல செவிலியர்:

டிஎம் டாக்டருக்கு: டயஸெபம் 20 என்று எழுதினீர்கள், ஈரல் கெட்டவருக்கும் அதுவேயா? மஞ்சள் கண், வீங்கிய வயிறோடு வருகிறவர்கள்தானே எங்கள் வார்டில் அதிகம்?

---

டிஎம் அடிக்‌ஷன் ரெசிடென்ட்:

இல்லை சிஸ்டர், சரியாகப் பிடித்தீர்கள். அவர்களுக்கு லோராஸெபம். ஈரலில் ஒரே படியில் கழியும், உடலில் தங்கும் துணைப்பொருள் இல்லை. 2 மி.கி.யில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஸ்கோர் பார்த்த பிறகே அடுத்தது. டயஸெபம் அவர்களுக்குச் சேர்ந்துகொண்டே போய் மூன்றாம் நாள் எழுப்ப முடியாமல் கிடப்பார்கள், அதை ஈரல் மயக்கமா மருந்தா என்று பிரிக்கவும் முடியாது. கையை நீட்டச் சொல்லும்போது நடுக்கத்தோடு மணிக்கட்டு தொங்கித் தொங்கி எழுகிறதா என்றும் பாருங்கள். எழுந்தால் அது ஈரல் மயக்கத்தின் அறிகுறி, பென்சோவை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், எத்தனை மணியானாலும்.