1968 சார்ஜரா, 1969 சார்ஜரா?

நோவிக்காரன்:
டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். வருடா வருடம் ஆகஸ்டில் உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் அணிவகுப்பதைப் பார்த்துப் பார்த்து, இந்த முறை ஒரு டாட்ஜ் சார்ஜர் கார் வாங்கியே தீருவது என்று இருக்கிறேன். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1968, 383 கன அங்குல இன்ஜின். இன்னொன்று 1969, 318. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுக்கலாம்?

வி8_பிரியன்:
69தான். கிரில்லுக்கு நடுவே வரும் அந்தப் பிரிப்பும், பின்னால் நீளமான விளக்குகளும் போதாதா?

பட்டறை_அண்ணன்:
தம்பி, பதினோரு வருடமாக 68 ஓட்டுகிறேன். இருட்டில் பின்னால் நான்கு வட்ட விளக்கும் சிவப்பாக எரிவதைப் பார்க்கவே நடந்துபோய்த் திரும்பி நிற்பேன். ஆனால் அதற்காக 68 எடு என்று சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் உடம்பு ஒன்றுதான், நோயும் ஒன்றுதான்.

பின் கண்ணாடி இரண்டு தூண்களுக்கு நடுவே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மழைத்தண்ணீர் அதன் கீழ் மூலைகளில் தேங்கி, ஓரத்தை அரித்து, டிக்கிக்குள் இறங்கும். நான் வாங்கிய அன்று டிக்கி மேட்டைத் தூக்கினேன். ஸ்பேர் டயருக்கு அடியில் தரை தெரிந்தது. குளிர்காலத்தில் பனி உருக நம் ஊர்ச் சாலையில் போடும் உப்பு மிச்சத்தையும் தின்றிருந்தது. அந்தத் தகடு மாற்றவே ஒரு குளிர்காலம் போனது.

அதனால் ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போ. கண்ணாடியின் கீழ் மூலைகளில் வை. ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள். அப்புறம் ஹெட்லைட் போட்டுப் பார். விளக்குகளை மறைக்கும் மூடிகள் வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பில், இயங்குபவை. ஒன்று திறந்து மற்றது பாதியில் நின்றால் எங்கோ ஹோஸ் கசிகிறது. அது சின்ன வேலை, பயப்படாதே.

டாஷ்போர்டில் இருக்கும் காரின் அடையாள எண்ணையும் படி. ஐந்தாவது எழுத்து இன்ஜின், ஆறாவது வருடம். F என்றால் 318. H என்றால் நான்கு பேரல் (கார்புரேட்டரில் நான்கு காற்றுத் துளை) 383.

நோவிக்காரன்:
நேற்று போய் வந்தேன் அண்ணா. 69-இல் வலது மூலையில் காந்தம் வழுக்கி விழுந்துவிட்டது. 68-இல் இரண்டு மூலையும் கெட்டியாகப் பிடித்தது, எண்ணில் G என்று இருக்கிறது.

பட்டறை_அண்ணன்:
G என்றால் இரண்டு பேரல் 383. நல்ல இன்ஜின். 68-ஐ எடு. முன்பணம் கொடுக்கும் முன் டிக்கி மேட்டையும் தூக்கிப் பார்த்துவிடு.