காலில் உருவாகும் ரத்தக்கட்டி மூளைக்கு எப்படிப் போகிறது?

கேள்வி:
காலின் ஆழ்சிரையில் உருவாகும் கட்டி நுரையீரலில்தானே சிக்க வேண்டும்? இளவயது பக்கவாதத்தில் பி.எஃப்.ஓ. (இதய மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில், பிறந்தபின்னும் மூடாமல் இருக்கும் வழி) வழியாகத் தாண்டியிருக்கலாம் என்கிறார்கள். இதயத்தின் இடது மேலறையில் அழுத்தம் கூடுதல் என்றால், கட்டி எதிர்த்துப் போவது எப்படி? சாதாரண எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) ஒன்றும் தெரியாவிட்டால் பி.எஃப்.ஓ. இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில் 1:
பி.எஃப்.ஓ.வை ஓட்டை என்பதைவிடக் கதவு என்பதே பொருத்தம். கருவில் ரத்தம் வலது மேலறையிலிருந்து நேராக இடது மேலறைக்குப் போக இருந்த வழி அது. பிறந்தபின் மடல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஒட்டுவதில்லை. இடது அழுத்தம் அதைச் சாத்தியே வைத்திருக்கும். ஆனால் இருமும்போதும், முக்கிவிட்டு மூச்சை விடும்போதும் தேங்கிய ரத்தம் வலது மேலறைக்குள் பாய்ந்து அழுத்தம் தலைகீழாகும். கட்டிக்கு அந்த ஓரிரு துடிப்பு போதும். நுரையீரலில் ஏற்கெனவே பெரிய கட்டி அடைத்திருந்தால் வலது அழுத்தம் ஏறியே இருக்கும், கதவும் திறந்தபடி. தாண்டியது மூளைக்குத்தான் போகும் என்றில்லை: சிறுநீரகம், மண்ணீரல், கை கால் தமனி, அபூர்வமாக இதயத் தமனி.

பதில் 2:
விட முடியாது. பபுள் எக்கோ கேளுங்கள். 9 மி.லி. சலைன், 1 மி.லி. காற்று, இரண்டு சிரிஞ்சுகளை த்ரீ-வேயில் (மூவழிக் குழாய் இணைப்பு) மாட்டி, நுரைக்கும்வரை மாற்றி மாற்றித் தள்ளி, கைச் சிரையில் வேகமாகச் செலுத்துவார்கள். முக்கச் சொல்லி, வலது மேலறை குமிழியால் நிறையும் நேரத்தில் விடச் சொல்ல வேண்டும். 3 துடிப்புக்குள் இடப்பக்கம் குமிழி வந்தால் கசிவு பெரும்பாலும் மேலறைச் சுவரில். 5 துடிப்பு தாண்டி வந்தால் நுரையீரலுக்குள் தமனி-சிரை இணைப்பைச் சந்தேகிக்கலாம்.

தவறுவது பெரும்பாலும் முக்கலில்தான். உணவுக்குழாய் வழி எக்கோவில் சுவர் தெளிவாகத் தெரியும், ஆனால் மயக்க மருந்தில் இருப்பவர் எங்கே முக்குவது? இன்னொன்று: காலிலிருந்து வரும் கீழ்ப்பெருஞ்சிரை ரத்தம்தான் நேரே அந்த மடலை நோக்கிப் பாயும்; கையிலிருந்து வரும் குமிழி விலகிப்போகலாம். தொடைச் சிரையில் செலுத்தினால் பிடிபடும்.

பதில் 3:
கதவு திறந்திருப்பதாலேயே திருடன் அவ்வழி வந்தான் என்று ஆகாது. கழுத்துத் தமனி அடைப்பு, ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் (மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) இரண்டையும் முதலில் விலக்க வேண்டும். கால் டாப்ளரை (சிரைகளில் கட்டி தேடும் ஸ்கேன்) தாமதிக்காமல் எடுங்கள், கட்டி கரைந்துவிடும். அது சுத்தம் என்றாலும் இடுப்புச் சிரைகள் மிச்சம்.

2017-இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு, வேறு காரணம் கிடைக்காத, 60 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிவைஸ் வைத்து அடைப்பது வழக்கமாகியிருக்கிறது. கசிவு பெரிதாகவோ சுவர் தளர்ந்து ஆடுவதாகவோ இருந்தால் பலன் கூடுதல். பிறகு சில மாதம் கட்டி உருவாகாமல் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து. முதல் சில வாரங்களில் படபடப்பு வந்தால் இ.சி.ஜி. எடுக்க வேண்டும், டிவைஸே ஃபிப்ரில்லேஷனைக் கிளப்பும். அடைக்காதவருக்கு டிரிப் ஏற்றும்போது குழாயில் காற்றுக்குமிழி இருக்கவே கூடாது. அதுவும் அதே வழியில் போகும்.