நடப்புச் செய்தியை வைத்து அரசமைப்புச் சட்டம் நடத்துவது எப்படி?

இரண்டாமாண்டு_வகுப்பு:
சட்டக் கல்லூரியில் இரண்டாமாண்டுக்கு அரசமைப்புச் சட்டம் எடுக்கிறேன். 50 நிமிட வகுப்பு, 60 மாணவர்கள். வாரம் ஒரு வகுப்பைச் செய்திக்கு ஒதுக்கினால் பத்தே நிமிடத்தில் கட்சிச் சண்டையாகிவிடுகிறது. புத்தகத்தை யாரும் புரட்டுவதே இல்லை. எப்படிப்பட்ட செய்தியை எடுக்கலாம், எந்த வரிசையில் நடத்தலாம்?

முகவுரை:
செய்தி முதலில் வருவதால்தான் சண்டை. வகுப்புக்கு முந்தைய நாள் மாலையே அரசமைப்பு உறுப்பின் (Article) வாசகத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள். தலைப்புச் செய்தி, ஆளுநர் பெயர், மாநிலம் எதுவும் வேண்டாம்.

சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் என்ன செய்யலாம் என்று சொல்லும் உறுப்பு 200ஐ எடுத்துக்கொள்வோம். முதல் 15 நிமிடம் இருவர் இருவராக உட்கார்ந்து ஒரே கேள்விக்கு விடை தேடட்டும்: மசோதா வந்தால் ஆளுநருக்கு எத்தனை வழி? சிலர் மூன்று என்பார்கள், சிலர் நான்கு. ஒப்புதல் தருவது, நிறுத்திவைப்பது, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவைப்பது ஆகிய மூன்றும் முதன்மை வாசகத்தில் உள்ளன. திருப்பி அனுப்புவது மட்டும் வரம்புரையில் ("ஆனால்" என்று நிபந்தனை போடும் பகுதி, proviso) வருகிறது. அது தனி வழியா, நிறுத்திவைப்பதோடு சேர்ந்ததா? இந்த இடத்தில் வகுப்பு நன்றாகச் சூடாகட்டும், தடுக்காதீர்கள்.

அடுத்தது "கூடிய விரைவில்" என்ற சொல். நாள் கணக்கே இல்லை. பக்கத்திலேயே உறுப்பு 201இல், குடியரசுத் தலைவர் சொல்லித் திரும்பி வந்த மசோதாவை மறுபடி பரிசீலிக்கச் சட்டமன்றத்துக்கு ஆறு மாதம் என்று எண் போட்டிருக்கிறது. அங்கே எண் போடத் தெரிந்தவர்கள் இங்கே ஏன் போடவில்லை? (அந்த ஆறு மாதம் குடியரசுத் தலைவருக்கு என்று பலர் தவறாகப் படிப்பார்கள். கவனியுங்கள்.)

இதற்குப் பிறகு செய்தியைக் கொண்டுவாருங்கள், தேதி வரிசையில். 2023 நவம்பர் 10, உச்ச நீதிமன்றத்தில் பஞ்சாப் வழக்கு: நிறுத்திவைத்தால் திருப்பி அனுப்பியாக வேண்டும். 2025 ஏப்ரல் 8, தமிழ்நாடு வழக்கு: இரண்டு நீதிபதிகள் காலக்கெடு வகுத்து, உறுப்பு 142இன் (முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குள்ள தனி அதிகாரம்) கீழ் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதினார்கள். 2025 நவம்பர் 20, குடியரசுத் தலைவர் உறுப்பு 143இன் கீழ் கேட்டதற்கு ஐந்து நீதிபதிகளின் கருத்துரை: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது. ஆனால் காரணமில்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போட்டால், முடிவெடுக்கச் சொல்லி வரம்புக்குட்பட்டு ஆணையிடலாம். சற்று முன் தாங்கள் வாதாடியதே தீர்ப்பில் இருப்பதைப் பார்க்கும்போது மாணவர்களுக்குக் கட்சி மறந்துபோகும்.

தடை_உத்தரவு:
மேலே சொன்ன முறை சரி. ஆனால் செய்தித்தாளின் சொல்லை அப்படியே கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். தமிழ்ச் செய்திகளில் அரசமைப்பின் உறுப்பும் மற்றச் சட்டங்களின் பிரிவும் ஒன்றுபோல "பிரிவு" என்றே வரும். "144 தடை உத்தரவு" என்று படித்துவிட்டு அரசமைப்பின் 144ஐத் திறந்தால், எல்லா அதிகாரிகளும் உச்ச நீதிமன்றத்துக்குத் துணைபுரிய வேண்டும் என்றிருக்கும். செய்தி சொல்வது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163.

இன்னும் இரண்டு இடத்தில் வழுக்கும். "நீதிபதி கண்டனம்" என்பது பெரும்பாலும் விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்னது, உத்தரவில் இருக்காது. "உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது" என்றதும் கீழ்த் தீர்ப்பு சரியென்று ஆகிவிட்டதாக எழுதுவார்கள். சிறப்பு அனுமதி மனுவை (மேல்முறையீடு செய்ய உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கும் மனு) காரணம் சொல்லாமல் தள்ளினால் அப்படிப் பொருளில்லை. எனவே உத்தரவின் நகல் நீதிமன்ற இணையதளத்தில் வராத செய்தியை வகுப்புக்கு எடுக்கவே வேண்டாம்.

காவல்_24மணி:
கைதுச் செய்திகளை விட்டுவிடாதீர்கள், கைதானவரின் உரிமைகளைச் சொல்லும் உறுப்பு 22க்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் "குண்டர் சட்டத்தில் கைது" என்ற செய்தியில் வகுப்பு முழுவதும் 24 மணி நேர விதியை (கைதானவரை அதற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும்) பிடித்துக்கொள்ளும். தடுப்புக் காவலுக்கு (குற்றம் நடக்காமல் தடுக்க முன்கூட்டியே வைக்கும் காவல்) 22(1), (2) பொருந்தாது என்று 22(3) சொல்கிறது. அங்கே 22(4), (5)தான் பேசும்: மூன்று மாதத்துக்கு மேல் வைக்க அறிவுரைக் கழகத்தின் கருத்து வேண்டும், காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தவறை அவர்களே செய்து, அவர்களே உட்பிரிவில் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

தரப்பைப் பதிவெண்ணை வைத்துப் பிரித்துவிடுங்கள்: ஒற்றை எண் மனுதாரர், இரட்டை எண் அரசு, கடைசி ஐவர் நீதிபதிகளின் அமர்வு. தன் கருத்துக்கு எதிரான தரப்பு கிடைத்தவன்தான் வாசகத்தை ஆழ்ந்து படிப்பான்.

இரண்டாமாண்டு_வகுப்பு:
மிக்க நன்றி. மதிப்பெண் எப்படிப் போடலாம்?

முகவுரை:
ஒரு பக்கக் குறிப்பு, 10 மதிப்பெண். உறுப்பின் எந்தச் சொல்லில் சிக்கல் என்று காட்டினால் 4, இரு தரப்பு வாதத்துக்கும் 4, உத்தரவைச் சரியாகச் சுருக்கியதற்கு 2. அரசியல் நிலைப்பாட்டுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறிப்பின் தலையில் தேதி கட்டாயம். 2025 மே மாதம் ஆளுநரின் காலக்கெடு பற்றி எழுதிய சரியான குறிப்பு, டிசம்பரில் தேர்வுக்குப் படிக்கும்போது தவறாகிவிடும்.