புதுப்பிப்பு: சிவ்ரி பூநாரைகளைப் பார்த்துவிட்டோம்

போன வாரம் மும்பைக் கடலோரச் சேற்றுநிலமான சிவ்ரியில் ஒரு பூநாரைகூட (ஃபிளமிங்கோ) கண்ணில் படவில்லை, ஏன் என்று கேட்டிருந்தேன். கடல் ஏறியிருந்த நேரம், சேறெல்லாம் தண்ணீருக்குள் என்று சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

இந்த ஞாயிறு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரோடு அம்மாவையும் தாராவியிலிருந்து கூட்டிப்போனேன். 1883இல் தொடங்கிய கழகம் அது. தண்ணீர் வற்ற வற்ற, தூரத்து இளஞ்சிவப்புக் கோடு கரைப்பக்கம் நகர்ந்து வந்தது. தொலைநோக்கியில் பார்த்தால், தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை அலசி அலசிப் பாசியை வடிகட்டுகின்றன. அந்தப் பாசியின் நிறமிதான் இறகில் ஏறுகிறது. இளசுகள் இன்னும் சாம்பல் நிறம்.

“நாத்து நடுற பொம்பளைங்க மாதிரியே குனிஞ்சிருக்குதுங்கடா” என்றார் அம்மா. கண்ணை எடுக்கவே இல்லை.

போகிறவர்கள் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மழைக்கு முன்னால் பெரும்பாலானவை போய்விடும்.